சிவப்பு அட்டை மாட்டிய கணினி

என்னைவிட ஒழுங்கானவன் ஓசூரிலேயே கிடையாது என்று ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகனாகச் சேர்ந்து மூன்றாவது வாரம். வேலை நிரந்தரமாகவில்லை (திமிர் முதல் நாளே நிரந்தரமாகிவிட்டது).

அங்கே ஒரு விதி. எந்தச் சான்றிதழிலும், படிவத்திலும் தயாரித்தவர் ஒருவர், ஒப்புதல் தந்தவர் வேறொருவராக இருக்க வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே கையெழுத்து இருந்தால் சரக்குக்குச் சிவப்பு அட்டை மாட்டி, கம்பிக் கூண்டில் தள்ளிப் பூட்ட வேண்டும். அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் பூட்டு. சாவி மேலாளர் முருகேசன் சாரிடம் மட்டும்.

அன்று அவர் ஒரு நிச்சயதார்த்தத்துக்காகக் காவேரிப்பட்டினம் போயிருந்தார். பெங்களூரு வாடிக்கையாளரின் ஒப்புதல் மெயில் வந்ததும் வாசலில் நிற்கும் லாரியை அனுப்பிவிடு, இதில் சொதப்பினால் வேலை நிலைக்காது என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

மெயிலைத் திறந்தேன். முந்தைய நாள்தான் புது சர்வர் மாற்றியிருந்தார்கள். அதன் பாதுகாப்புச் சான்றிதழ் அதுவே தனக்குக் கொடுத்துக்கொண்டதாம், நம்பலாமா என்று கேட்டது கணினி. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் மஞ்சுநாத்துக்கு போன் போட்டேன்.

"நம்ம சர்வருதான் சார். சர்ட்டிஃபிகேட்டு நானே போட்டேன். நம்புறேன்னு ஒரு டிக் போடுங்க, அஷ்டே, அவ்ளோதான்," என்றார்.

குற்றவாளியே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று தோன்றியது. அந்த மெயில் வருகிற ஒரே கணினியைக் கழற்றி, சிவப்பு அட்டை மாட்டி, படிவம் எழுதி, கூண்டில் வைத்துப் பூட்டினேன். லாரி ஓட்டுநர் மூன்று முறை வந்து எட்டிப் பார்த்தார். சரக்கு லாரியில் இருக்க கம்ப்யூட்டரை எதற்குப் பூட்டினேன் என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

மூன்று மணிக்கு முருகேசன் சார் பட்டு வேட்டியோடு வந்தார். படிவத்தில் காரணத்தைப் படித்தார்: 'தனக்குத்தானே சான்றளித்துக்கொண்டது.' பிறகு அடியில் இருந்த கையெழுத்துகளைப் பார்த்தார்.

"ரிஜெக்ட் பண்ணது யாரு?"

"நான்தான் சார்."

"ஒப்புதல் குடுத்தது?"

அவர் ஊரில் இல்லையே என்று அதையும் நானே போட்டிருந்தேன்.

"அப்ப உன் ரிஜெக்சனே செல்லாதுப்பா," என்று கூண்டைத் திறந்தார்.

கணினியைத் திரும்ப மாட்டி டிக் போட்டதும், பதினோரு மணிக்கே வந்துவிட்டிருந்த மெயில் வந்து விழுந்தது. லாரி கிளம்பி, கர்நாடக எல்லையில் ஜூஜுவாடி சாயங்கால நெரிசலில் போய் நின்றது. வேலை தப்பியது. ஆனால் என் கல்யாண மேடையில் மைக்கைப் பிடித்து அவர் இந்தக் கதையை முழுசாகச் சொன்னார்.

போன ஞாயிற்றுக்கிழமை ரசம் வைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, பிரமாதம் என்றேன்.

"வெச்சதும் நீங்க, பிரமாதம்னதும் நீங்களா?" என்றாள் மனைவி, தட்டிலிருந்து நிமிராமலே.

மகள் எழுந்துபோய் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவை எடுத்து வந்தாள்.