வெற்றிலைத் தட்டில் ஒரு பென்டிரைவ்

ஆன்லைன் படிவத்தைத் தனக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்ட மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் மைக்செட் அண்ணன்.

அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கல்யாணங்களுக்கு ஒலிபெருக்கி கட்டுவது தொழில். பாட்டுப் போடும் அவருடைய பழைய லேப்டாப் ஒரு முகூர்த்தத்தின் நடுவில் வைரஸால் படுத்துவிட, யாரோ அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து சூலூரில் ஞாயிறுதோறும் கூடும் எங்கள் லினக்ஸ் குழுவுக்கு அவரைவிடத் தீவிர பக்தர் கிடையாது.

பழைய கணினிகளைத் தூக்கிப் போடாமல் அவற்றில் இலவசமாக லினக்ஸ் ஏற்றிக் கொடுக்க ஒருநாள் முகாம் நடத்தத் திட்டமிட்டோம். "சூலூர்ல யாரு வருவா? ஆள் சேரலைன்னா இனிமேல் எல்லாமே கோயமுத்தூர்லதான்" என்று குழுவிலிருந்த நகரத்து நண்பர்கள் சொல்லிவிட்டார்கள். பொறுப்பு என்னுடையது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். போனவள் பொறியியல் முடித்துவிட்டுத்தான் நின்றேன். தோற்றுப் பழக்கமில்லை. அழகான படிவம் ஒன்று தயாரித்து ஊரெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பத்து நாளில் நான்கு பேர் பதிவு செய்தார்கள். அதில் இரண்டு, வேலை செய்கிறதா என்று நானே போட்டுப் பார்த்தது. படிவத்தைப் பார்த்த அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஏனுங்க அம்மணி, ஊட்டுக்கு வந்து கூப்புடாம எவனுங்க வருவான்?"

"அண்ணா, இது கல்யாணமில்லை."

"அதுனாலதானுங்க ரண்டு தடவ கூப்புடோணும்."

மறுநாள் காலையில் மொபெட்டோடு வந்து நின்றார். கையில் தட்டு. வெற்றிலை, பாக்கு, குங்குமம். நடுவே லினக்ஸ் ஏற்றிய ஒரு பென்டிரைவ். படித்த படிப்பையெல்லாம் மனசுக்குள் மடித்து வைத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வீடு காப்பி. வேண்டாம் என்றால் அண்ணன் முறைத்தார். ஏழாவது வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். ஒரு வீட்டை அழைத்தால் அடுத்த வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து, "எங்கள மட்டும் உட்டுப்போட்டீங்களே" என்பார். ஆகவே தெரு முழுவதும். ஒரு அக்கா பாவமாகக் கேட்டார்: "எங்கூட்ல கம்ப்யூட்டரே இல்லீங்களே?"

"அதுக்கென்னுங்க, வந்து ஒரு வாய் சாப்ட்டுப்போட்டுப் போங்க."

தெருவுக்கு வந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். "சாப்பாடு எப்பண்ணா முடிவாச்சு?"

"இப்பத்தானுங்க."

முகாம் நாளில் பள்ளிக்கூட அரங்கு வாசல்வரை நிரம்பிவிட்டது. நான் போட்டிருந்தது இருபது மேசை. ஒரு பக்கம் லேப்டாப், ஒரு பக்கம் தக்காளி சாதம். நகரத்து நண்பர்கள் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் வாயை மூடவில்லை. எந்த மேசையில் லினக்ஸ் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மேடையில் மைக்கைப் பிடித்து நேர்முக வர்ணனை செய்துகொண்டிருந்தார்.

"மூணாம் நெம்பர் மேசை, எழுவது சதவீதமுங்கோ! அஞ்சாம் நெம்பர் எம்பதுல நிக்குதுங்க. லேப்டாப்புக்குச் சொந்தக்காரரு சாப்பாட்டுல இருந்தாக் கை கழுவிப்போட்டு உடனே வரவும்!"

இரண்டு மணி நேரம் பொறுத்தேன். பிறகு யாரும் பார்க்காதபோது போய் மைக் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். நிமிர்ந்தால், முன்வரிசையில் கல்யாணப் பட்டுப்புடவையோடு அம்மா. பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் அப்பா. இருவருக்கும் விசைத்தறியில் வேலை. அவர்களுக்கு இதில் என்ன புரியப்போகிறது என்று நினைத்து, முகாமைப் பற்றி நான் சொல்லவே இல்லை. இதை எழுதும்போதே கூசுகிறது.

"நீங்க எப்படிம்மா?"

"அந்த மைக்செட்டு அண்ணன் நேத்துத் தறிக்கே தட்டோட வந்துட்டாரு கண்ணு. உங்க புள்ள நடத்துற விசேசம், நீங்க இல்லாமயான்னாரு. காப்பி குடுக்கக்கூட அங்க ஒண்ணுமில்ல, தண்ணியக் குடிச்சுப்போட்டுப் போனாரு." அம்மா மேடையை எட்டிப் பார்த்தாள். "ஏங் கண்ணு, மைக்கு நின்னுபோச்சு? அஞ்சாம் நெம்பரு எம்பதுல நின்னுச்சே, பாவம், அது என்னாச்சு?"

குனிந்து ஒயரை மறுபடி செருகினேன்.

இப்போது கருமத்தம்பட்டியில் அடுத்த முகாம். அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் மூன்று முறை தகவல் அனுப்பிவிட்டேன். பார்த்துவிட்டார், பதில் இல்லை. கடுப்பாகத்தான் இருக்கிறது. வெற்றிலை வாங்கி வைத்திருக்கிறேன். நாளைக் காலை நானும் அம்மாவும் தட்டோடு அவர் வீட்டுக்குப் போகிறோம்.