முதலில் நம்பிக்கை

கும்மிடிப்பூண்டிப் பக்கம் புகைபோக்கிகளுக்கு அடுத்தபடியாக அதிகம் தென்படுவது எங்கள் இனம்தான். நம்பிக்கை வளர்ப்பவர்கள் என்று பெயர். ஏழைகளின் உரிமைக்காக, தொண்டு நிறுவனத்தின் சார்பில் வீடு வீடாகப் போகிறவர்கள். வண்டியில் வந்தால் வசதிக்காரன் என்று நினைத்துவிடுவார்களாம்; அதனால் அதைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, வியர்த்து வழிய நடந்து வருவோம். வாசலில் செருப்பைக் கழற்றுவோம். சும்மா அல்ல, நாலு வீட்டுக்குத் தெரிகிற மாதிரி, ஓரமாக, ஜோடி சேர்த்து.

அப்புறம் நாற்காலி. நமக்காகவே பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி, முந்தானையால் துடைத்துப் போட்டிருப்பார்கள். அதில் உட்கார்ந்தால் அதிகாரி ஆகிவிடுவோமே? தரையில் சம்மணம் போடுவோம். கால் மரத்துப்போய், கடைசியில் அந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் எழுவோம் என்பது வேறு விஷயம்.

"சார்" என்றால் பதறுவோம். "சார் இல்லக்கா, தம்பி." எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி, இருந்தும் இரண்டாம் வாரமே "இன்னாக்கா, நாஷ்டா ஆச்சா?" என்று ஆரம்பித்துவிட்டேன். கேட்டவர்கள் சிரித்தார்கள். நம்பிக்கை வளர்கிறது என்று பூரித்துப்போனேன்.

எல்லம்மா வீட்டுக்கும் இப்படித்தான் போனேன். அவருடைய கணவர் அருணகிரி ஒரு இரும்பு ரோலிங் மில்லில் கான்ட்ராக்ட் கூலி. ரோலரில் வலது கை நசுங்கி வீட்டில் கிடந்தார். நஷ்டஈடு பற்றி கான்ட்ராக்டர் மூச்சுவிடவில்லை. நான் தரையில் உட்கார்ந்த முதல் நாளே எல்லம்மா கேட்டுவிட்டார்: "தொழிலாளர் ஆபீசுக்கு ஒரு வாட்டி கூட வர்றியா தம்பி? எனக்கு அங்கெல்லாம் பேச வராது."

என்ன அவசரம்? எடுத்த எடுப்பில் காரியத்தில் இறங்கக் கூடாது என்பது எங்கள் பயிற்சியின் பாலபாடம். முதலில் பழக வேண்டும். போகலாம் அக்கா, முதலில் உங்களை நன்றாகத் தெரிந்துகொள்கிறேன் என்றேன். தெரிந்துகொண்டேன். பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம், ஆட்டுக்குட்டியின் பெயர், மாமியாரோடு பேச்சு நின்றுபோன காரணம் எல்லாம். பழவேற்காட்டு இறால் குழம்பைத் தட்டாமல் சாப்பிட்டு, உடம்பெல்லாம் தடித்து, அதையும் பாசம் என்றே சொறிந்துகொண்டேன். போகும்போதெல்லாம் எல்லம்மா கேட்பார். அடுத்த வாரம் என்பேன். அந்தக் குடும்பத்துடன் நல்லுறவு மலர்ந்துவருவதாக எங்கள் மாதக் கூட்டத்தில் அறிவித்தேன். கைதட்டினார்கள்.

போன வாரம் போனபோது நாற்காலி நடுவீட்டில் கிடந்தது. கான்ட்ராக்டர் வந்துபோயிருக்கிறார். செருப்பைக் கழற்றவில்லை. போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். ஆட்டுக்குட்டியின் பெயரைக் கேட்கவில்லை. டீ ஆறுவதற்குள் ஏதோ கொஞ்சம் கொடுத்து, இனி எதுவும் கேட்க மாட்டேன் என்று எழுதிய தாளில் அருணகிரியின் இடது கை ரேகையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"அவரைப் போய் எப்பிடிக்கா நம்புனீங்க?" என்றேன், கை நசுங்கியது எனக்குத்தான் என்பதுபோல.

"அவன யாரு நம்புனா? உங்களத்தான் மொத நாளே நம்பிட்டோம் சார். அதான் வேற யாராண்டயும் போவாம இம்மா நாளு காத்துக்கினு கெடந்தோம்."

தம்பி மறுபடியும் சார் ஆனதைக் கவனித்தீர்களா? நான் கவனித்தேன். அந்த வருத்தத்தை அவரிடம் மனம்விட்டுப் பகிர்ந்துகொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். உறவு பலப்படுமே.

அதற்குள் எல்லம்மா தலையை வாரி முடிந்துகொண்டு வாசலில் நின்றார். "ரேக வச்சிட்டா அவ்ளோதானா, இன்னானு அந்தத் தொழிலாளர் ஆபீசுலயே போய் கேப்போம். செருப்ப மாட்டுங்க."

எங்கள் இனம் கும்மிடிப்பூண்டியோடு முடிந்துவிடுகிறது என்று எண்ணிவிடாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் துணைக்கு வரச் சொன்ன அத்தையிடம், "நான் இருக்கேன்ல, கவலப்படாதீங்க" என்று வாராவாரம் போனில் சொல்லிக்கொண்டிருப்பவர்களும் இதைச் சிரித்தபடி படித்துக்கொண்டிருக்கலாம். எதற்கும், உங்கள் செருப்பு யார் வீட்டு வாசலில், எத்தனை அழகாக ஜோடி சேர்ந்து கிடக்கிறது என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள்.