அறுபத்தோரு பிழைகள்

பெருமதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

நான் நலம். உங்கள் தங்கையும் நலம். அவள் நலமாக இருப்பது எனக்கு நாள் முழுக்கக் காதில் விழுகிறது.

உங்கள் அச்சகத்தில் முப்பத்தொரு வருடம் மெய்ப்புப் பார்த்து அச்சுப் பிழை பிடித்த என்னை, 'கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்க மாப்பிள்ளை' என்று போன மாதம் வீட்டுக்கு அனுப்பினீர்கள். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்பதற்கு இப்போது விஞ்ஞான ஆதாரமே கிடைத்துவிட்டது. என் நாற்காலியில் வேறு யாரையும் உட்கார்த்திவிட வேண்டாம்.

உங்கள் மருமகள், அதாவது என் மகள், வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில், மனிதன் எப்படிப் பார்க்கிறான் என்று நாலு துறைக்காரர்கள் சேர்ந்து ஆராய்கிறார்கள். பார்ப்பது கண் என்கிறார் கண் மருத்துவர். மூளை என்கிறார் உளவியல் பேராசிரியர். இரண்டும் இல்லாமலே தன் இயந்திரம் பார்க்கிறது என்கிறார் கணினிக்காரர். மூவருக்குமே பார்க்கத் தெரியாது என்கிறார் ஓவியர். இப்படி ஒத்துப்போகாதவர்களை ஒரே அறையில் அடைத்துவைத்தால் அதற்குப் பல்துறை ஆய்வு என்று பெயர். சோதனைக்கு ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். படிவத்தில் 'சோதனைக்கு சம்மதிக்கிறேன்' என்றிருந்தது. நடுவில் 'ச்' எங்கே என்று கேட்டேன். ஒற்று இல்லாத சம்மதம் செல்லாது என்று பேனாவை மூடிவிட்டேன். நால்வரும் கூடிப் பேசி, முதன்முறையாக ஒருமனதாக ஒரு 'ச்' போட்டுக் கொடுத்தார்கள். பிறகு முகவாயைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, திரையில் இருநூறு சொற்களைக் கண் சிமிட்டும் நேரத்தில் காட்டி, பிழை தெரிந்தால் பொத்தானை அழுத்து என்றார்கள். மூக்கு அரித்தது, விட்டுக்கொடுக்கவில்லை. அறுபத்தோரு பிழை பிடித்தேன். மற்றவர்கள் மூன்றைத் தாண்டியதில்லையாம். கணினிக்காரர் இயந்திரத்தைத் தட்டிப் பார்த்தார். 'எங்க கண்ணுக்கு ஒண்ணுகூடத் தெரியலையே ஐயா' என்றார் பேராசிரியர். 'நீங்க பார்க்கறீங்க, நான் படிக்கிறேன்' என்றேன். எழுதிக்கொண்டார். மகள் முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள், ஆனந்தக் கண்ணீர்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. நான் இல்லாமல் அங்கே அச்சேறும் எல்லாவற்றுக்கும் என் அனுதாபம்.

இப்படிக்கு,
கண்ணுள்ள தங்கள் மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது மகள் வந்தாள். அந்த இருநூறு சொற்களிலும் ஒரு பிழைகூடக் கிடையாதாம். எதைத் தேடுகிறோமோ அதைத்தான் கண் காணும் என்று காட்டுவதற்கே சோதனையாம். 'முப்பது வருஷமா இதைத்தானே நான் சொல்றேன், எனக்கு யாரும் ஆய்வுக்கூடம் கட்டித் தரலையே' என்கிறாள் உங்கள் தங்கை. நாற்காலியை நீங்கள் விரும்பியவருக்கே கொடுங்கள். ஆனால் அவர்கள் கட்டுரையில் ஆளுக்கொரு புள்ளி வைத்த வரைபடத்தை மகள் காட்டினாள்; மற்ற புள்ளிகள் எல்லாம் கீழே கும்பலாகக் கிடக்க, என் புள்ளி மட்டும் உச்சியில் தனியாக நிற்கிறது. கட்டுரை உங்கள் அச்சகத்துக்குத்தான் வருகிறதாம். அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் மெய்ப்பு நான் பார்க்கிறேன். தூசி என்று நினைத்து யாராவது என்னை அழித்துவிடப் போகிறார்கள்.