பார்த்தாலே குறைகிற ஸ்கோர்

வாடிக்கையாளரிடம், அவருடைய பிரிட்ஜை அவரே திட்ட வேண்டும் என்று கெஞ்சிய மெக்கானிக் இந்தப் பூலோகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் ஸ்டெபிலைசர் அண்ணன்.

திருப்பதியில் அலிபிரி போகிற ரோட்டில், டி.வி., பிரிட்ஜ் விற்கும் ஷோரூம் ஒன்றில் நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் அங்கே சர்வீஸ் மெக்கானிக். சொந்த ஊர் நகரி. கரண்ட் ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்ளும் பெட்டியின் பெயரை அவருக்கு யார் வைத்தார்களோ தெரியாது. அவர் போன வீடுகளில் கரண்டைத் தவிர மற்றதெல்லாம் ஏறி இறங்கும். ரிப்பேர் முடிந்ததும் வீட்டுக்கார அம்மா சந்தோஷமாக, “ஐஸ் நல்லா கட்டுதுப்பா” என்று சொல்லிவிட்டால் தொலைந்தது.

“ஐயோ, நல்லா கீதுன்னு சொல்லாதம்மா! கண்ணு பட்டு கம்ப்ரசர் பூடும். ‘சனியன் புடிச்ச பெட்டி’ன்னு சொல்லு. என் எதிர்லயே சொல்லு, கேட்டுட்டுப் போறேன்.”

அந்த அம்மா பெருமாள் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பிரிட்ஜைத் திட்டுவார். அண்ணனுக்குத் திருப்தி ஆகாது. “இன்னும் கொஞ்சம் சத்தமா” என்பார். அக்கம்பக்கத்தார் மருமகளுக்குத்தான் விழுகிறது என்று நினைத்து ஜன்னலுக்கு வந்துவிடுவார்கள்.

இப்படிப்பட்டவர் ஹோம் லோன் வாங்கக் கிளம்பினார்.

அண்ணி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். போய் வருஷங்கள் ஆகியிருந்தன. புத்தூரில் இரண்டு ரூம் வீடு ஒன்று விலைக்கு வந்ததும், அண்ணி அனுப்பிய பணத்தை அண்ணன் அட்வான்ஸாகக் கொடுத்தார். மீதிக்கு லோன் கிடைக்க வேண்டும். போனில் அண்ணியின் குரல் பக்கத்தில் இருந்த எனக்கே கேட்கும். “வூடு ரிஜிஸ்டர் ஆச்சுன்னா டிக்கெட் போட்டு வந்துர்றேன். ஆவலைன்னா தீபாவளிக்கு மறுபடி அக்ரிமென்ட்டு போட்டுடுவாங்க, இன்னும் ரெண்டு வருசம்.” அப்போது தெலுங்கு வருஷப் பிறப்பான உகாதி முடிந்த சமயம். போனை வைத்ததும் அண்ணன் ஸ்க்ரூ டிரைவரைக் கடை முழுக்கத் தேடுவார். அது அவர் கையிலேயே இருக்கும்.

பேங்குக்காரர்களே வலிய போன் பண்ணி, “லோன் காவாலா சார், லோன் வேணுமா?” என்று கேட்ட காலம் அது. அண்ணனுக்கு யாரிடமும் மாட்டேன் என்று சொல்ல வராது. “பாருங்க சார், பாருங்க” என்பார். ஒரு பேங்கில் வட்டி கொஞ்சம் குறைவு, அடுத்ததில் அதைவிடக் குறைவு என்று பான் கார்டு ஜெராக்ஸைக் கோயில் பிரசாதம் மாதிரி ஊரெல்லாம் கொடுத்துவிட்டு வந்தார். கடைசியில் முதலில் போன பேங்கே தேவலை என்று திரும்பிப் போனபோது, துணைக்கு என்னையும் கூட்டிப்போனார்.

அங்கே லோன் பார்க்கும் பெண் சித்தூர்க்காரி. கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினாள்.

“அண்ணா, போன தடவை உங்க கிரெடிட் ஸ்கோர், அதான் கடனை ஒழுங்காக் கட்டுவீங்களான்னு போடுற மார்க், நல்லா இருந்துச்சு. இப்ப இறங்கியிருக்கே?”

“புதுசா யார்கிட்டயும் ஒத்த ரூபா கடன் வாங்கலியேம்மா. பைக் டியூகூட தேதிக்கு முன்னாடியே கட்டிட்டேன்.”

“வேற எங்கெல்லாம் லோன் கேட்டீங்க?”

அண்ணன் சொல்ல ஆரம்பித்தார். பாதியிலேயே அவள் பேனாவை மூடிவிட்டாள். “கேக்குற ஒவ்வொரு பேங்கும் உங்க ஸ்கோரை எடுத்துப் பாக்கும். அப்படிப் பாத்தாலே கொஞ்சம் குறையும்ணா.”

அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “பாத்தாலேவா? தொட வாணாம், எடுக்க வாணாம், சும்மா பாத்தாலே கொறையுமா?”

“ஆமாண்ணா.”

என் பக்கம் திரும்பினார். “தம்பி, இத்தினி நாளா நான் இன்னா சொல்லிக்கினு கீறேன்? திருஷ்டி!”

“திருஷ்டி லேது, ஏமி லேது! அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணா!” என்று அவள் பதறினாள். “ஒரே ஆளு இத்தனை பேங்க்ல கேக்குறாரே, பணக் கஷ்டமோன்னு சந்தேகம் வரும். அதுக்காகக் குறையும்.”

“வூடு ஒண்ணு. லோனும் ஒண்ணு. அப்பறம் எதுக்கும்மா சந்தேகம்?”

“கிட்டக்கிட்ட கேட்டா சில இடத்துல எல்லாத்தையும் ஒண்ணா எடுத்துப்பாங்கன்னு சொல்றாங்க. சில இடத்துல மாட்டாங்க. எங்களுக்கே சரியாத் தெரியாதுண்ணா.”

“சரி, நானே பாத்தா?”

“உங்க ஸ்கோரை நீங்களே பாத்தா குறையாது.”

இங்கேதான் அண்ணனுக்கு அடியோடு குழம்பிப்போனது. “சொந்தக் கண்ணுதாம்மா மொதல்ல படும்! பெத்தவ கண்ணே புள்ளைக்குப் படுதே!”

அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே பட்டது. கடைசியில், “ஆறு மாசம் எங்கயும் லோன் கேக்காம இருங்க, ஏறிடும்” என்று சொல்லி அனுப்பினாள்.

வந்த அமாவாசையன்று காலையில், அந்த பேங்க் வாசலில் அண்ணன் பூசணிக்காய் சுற்றி உடைத்தார். செக்யூரிட்டி தடுக்கவில்லை, கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மேனேஜர் வந்து செக்யூரிட்டியிடம் கத்தியபோது, “ஹெட் ஆபீஸ் ஆர்டர்னு நெனச்சேன் சார்” என்றாராம்.

அதற்குப் பிறகு லோன் வேண்டுமா என்று யார் போன் பண்ணினாலும் அண்ணன் ஒரே பதில்தான் சொன்னார். “நம்ம ஸ்கோரு ரொம்ப அசிங்கம் சார். பாக்குற மாதிரியே இல்ல. பாத்துடாதீங்க.” முன்னெல்லாம் விடாமல் துரத்தியவர்கள், அவர்களே மன்னிப்புக் கேட்டு போனை வைத்தார்கள்.

தீபாவளி நெருங்கியது. ஒரு நாள் கடை திறக்கும் முன்பே என்னை நெட் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“நீ பாரு தம்பி. நான் வெளிய நிக்கிறேன்.”

“நான் எதுக்குண்ணா?”

“எனக்கு வூடு வந்தா மனசு குளுந்து போறவன் கண்ணு வேணும். எங்கெங்கயோ தேடிப் பாத்துட்டேன். உங்கிட்டதான் கீது.”

உள்ளே போய் உட்கார்ந்தேன். என்னை நம்பி யாரும் அவ்வளவு பெரிய பொருளைக் கொடுத்ததில்லை. கண் கலங்கியதில் திரையில் இருந்த எண்ணை இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. ஏறியிருந்தது, நன்றாகவே ஏறியிருந்தது. பூசணிக்காயால் ஏறியதா, ஆறு மாதம் சும்மா இருந்ததால் ஏறியதா என்று கேட்டால், இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். வெளியே வந்து, “கண்றாவியா இருக்குண்ணா” என்றேன். அண்ணன் புரிந்துகொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

லோன் கிடைத்தது. வீடு ரிஜிஸ்டர் ஆனது. அண்ணி டிக்கெட் போட்டு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு புத்தூருக்குப் போனேன். கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பால்காரர், சொந்தக்காரர்கள், கேபிள்காரர் என்று வந்தவர்களையெல்லாம் கையைக் காட்டியே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

“தூங்கிக்கினு கீறா,” என்றார் மெதுவாக. “அங்க விடியறதுக்கு முன்னாடியே எழுப்பிடுவாங்களாம். நீ போவாத. இப்டி ஒக்காரு.”

உட்கார்ந்தேன். சாயங்காலம் வரை வந்தவர்களையெல்லாம் இருவருமாகக் கையைக் காட்டித் திருப்பி அனுப்பினோம். அவர் சொல்லியிருந்தால் மறுநாள் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருப்பேன்.