டாக்டர் தசரதன் மீது நாற்பத்திரண்டு குறைகள்

வேலையிலிருந்து விடுவிக்க முடியாது என்று மேலிடத்திலிருந்து வந்த கடிதத்தை டாக்டர் தசரதன் மூன்றாவது தடவையாகப் படித்தார். காரணம் ஒரே வரியில் இருந்தது. மலைமக்கள் இவ்வளவு விரும்பும் மருத்துவர் வேறு எவரும் இல்லையாம்.

அது 1974. இங்கிலாந்தில் ஒரு சுரங்க ஊரில் குடும்ப டாக்டர் வேலை அவருக்காகக் காத்திருந்தது. கல்லூரியில் அவருக்கு மூத்தவராக இருந்த ஒருவர் அங்கே டாக்டராக இருந்தார். சென்னையில் வாங்கிய பட்டம் இங்கே செல்லும், மார்ச்சுக்குள் வந்து சேர், அதற்குமேல் இடத்தைப் பிடித்து வைக்க முடியாது என்று எழுதியிருந்தார். அங்கே ஒரு தெருவுக்கே ஒரு டாக்டர்தானாம். பேரனுக்குச் சளி என்றாலும் தாத்தாவுக்கு மூட்டுவலி என்றாலும் அவரிடம்தான் வருவார்களாம். ஜமுனாமரத்தூர் சுகாதார நிலையத்தில் ஆறு வருஷமாக மூன்று கலர் மிக்ஸ்சரை வைத்துக்கொண்டு சமாளித்தவருக்கு அந்தக் கடிதம் தலைமாட்டிலேயே இருந்தது.

நல்ல டாக்டர் என்றுதானே விட மறுக்கிறார்கள், கொஞ்சம் கெட்டுத்தான் பார்ப்போமே என்று முடிவு செய்தார். மறுநாள் எட்டு மணிக்குப் போக வேண்டியவர் குவார்ட்டர்ஸில் கதவைச் சாத்திக்கொண்டு பேப்பர் படித்தார்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. டாக்டருக்கே உடம்பு சரியில்லை என்று சந்தை வரைக்கும் செய்தி பரவிவிட்டது. மத்தியானத்துக்குள் வாசலில் நூறு பேர். ஆளுக்கொரு படி சாமை, தேன், நாட்டுக்கோழி. அந்த வழியாக ஜீப்பில் போன ஒரு பெரிய அதிகாரி, என்ன கூட்டம் என்று இறங்கி விசாரித்தார். டாக்டரைப் பார்த்துவிட்டுப் போக வந்தோம் என்றார்கள். அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. பத்தே நாளில் பாராட்டுப் பத்திரம் வந்தது. கூடவே, இன்னும் மூன்று வருஷம் இதே ஊரில் பணியாற்றலாம் என்ற உத்தரவும்.

கம்பவுண்டர் அர்ச்சுனன்தான் அடுத்த வழியைச் சொன்னார். "உங்க மேல புகார் ஒண்ணு கூட இல்ல சார். அதான் கோளாறு."

டாக்டர் தன் மேலேயே இடது கையால் ஒரு மொட்டைக் கடுதாசி எழுதி, தானே தபாலில் போட்டார். விடுவிக்கும் உத்தரவு வரும் என்று இருவரும் காத்திருக்க, விசாரணை அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. அதுவும் சந்தை நாளில், மக்களிடமே நேரில் கேட்க.

டாக்டருக்கு வியர்த்தது. சனங்கள் வாயைத் திறந்து புகழ்ந்தால் மூன்று வருஷம் பத்து வருஷமாகிவிடும். ஆயா பச்சையம்மாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் விளக்கினார். ஊர் ஊராகப் போய், என் மேல் பாசம் இருந்தால் குறை சொல்லச் சொல் என்று இரண்டு நாள் லீவும் கொடுத்து அனுப்பினார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள்.

சந்தை நாளன்று அதிகாரி புளியமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் டாக்டர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

முதலில் வந்தவன் சடையன். "எட்டு மைல் நடந்து வந்தேங்க. ஒரு ஊசி போடக் கூடாதா? தண்ணியக் காய்ச்சிக் குடி, போன்னுட்டாரு. அதுக்கு டாக்டரு இன்னாத்துக்கு?"

அடுத்து சுந்தரம்மாள். "மருமவளுக்கு ஒடம்பு சரியில்லன்னு இட்டாந்தேங்க. எனக்குத்தான் ரத்தக்கொதிப்புன்னுட்டாரு. ஆறு மாசமா உப்பில்லாத கொழம்பு துன்றேன். போதாததுக்கு வாராவாரம் எங்க வூட்டுக்கே நடந்து வந்து கொழம்ப ருசி பாத்துட்டுப் போறாரு."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதன்பிறகு வரிசை சந்தையின் அந்தக் கோடி வரைக்கும் நீண்டது. சுருட்டைப் பிடுங்கினார் என்று ஒருவர். பிரசவமான பெண்டாட்டிக்கு மூன்று மாசம் வேலை கொடுக்கக் கூடாதென்று தன்னைக் களி கிளற வைத்தார் என்று இன்னொருவர். ஆடு வாங்க வந்தவர்கள் ஆட்டைக் கட்டிவிட்டு வந்து நின்றார்கள். மொத்தம் நாற்பத்திரண்டு பேர்.

அதிகாரி சிரிக்கத் தெரியாதவர். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு கடைசியில் முடிவையும் எழுதினார்: 'ஒழுக்கக் குறைவு இல்லை. அக்கறை மிகுதி. மக்களால் தாங்க முடியவில்லை. உடனே விடுவிக்கலாம்.'

ஜன்னலுக்குப் பின்னால் டாக்டர் விம்மிக்கொண்டிருந்தார். பொய் பேசி அறியாத சனம் தனக்காக எப்படி அசராமல் பேசியது. சுந்தரம்மாளுக்குக் கண்ணீர்கூட நிஜமாக வந்ததே.

பிப்ரவரி கடைசியில் மலையிறங்கும் பஸ்ஸில் அவர் பெட்டியோடு உட்கார்ந்தபோது அந்த நாற்பத்திரண்டு பேரும் வந்திருந்தார்கள். நாற்பத்திரண்டு பேரும் அழுதார்கள். ஜன்னல் வழியாக அவர் கையைப் பிடித்த சடையன், டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தும் விடவில்லை. டாக்டருக்குத் தாங்கவில்லை. சட்டென்று எழுந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு படிக்கு வந்தார்.

"எனக்காக நாப்பத்திரண்டு பேர் பொய் சொல்லியிருக்காங்க பச்சையம்மா. இந்த மாதிரி சனத்தை விட்டுட்டு எந்தச் சீமையில போய் நான் வைத்தியம் பார்க்கறது? நான் போகலை."

பச்சையம்மா படியை மறித்துக்கொண்டு, இரண்டு கம்பியையும் இறுக்கிப் பிடித்தபடி நின்றாள்.

"எறங்காதீங்க அய்யா. அந்த ரெண்டு நாளும் என் மாடு கன்னு போடுதுன்னு வூட்லியே இருந்துட்டேன். நான் எந்த ஊருக்கும் போவவே இல்லீங்க."