மிஷினின் தாய்மொழி

"உள்ளே ஆள் இருக்கிறான். உலையைப் பற்ற வைக்காதே."

எழுபதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மாதம், கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றில் 'தாய்மொழி சார்' எழுதிய சீட்டு இது. தேதி இல்லை. உலகத்தில் எதையும் சந்தேகிக்கும் அந்த மனிதர் காலண்டரையும் நம்பியதில்லை.

எங்கள் கம்ப்யூட்டர் அறைக்கு அவர்தான் தலைவர். ஃபோர்ட்ரான், கோபோல் என்று இரண்டு மொழிகளில் புரோகிராம் எழுதுவோம்.

"கோபோல், மிஷின் கத்துக்கினு பேசற பாஷைபா. நீட்டி மொழக்கி, மரியாதையா பொய் சொல்லும். ஃபோர்ட்ரான்தான் அதோட தாய்மொழி. சுருக்கமா பேசறவன் பொய் சொல்ல மாட்டான்" என்பார்.

மிஷினுக்கு இரண்டுமே அந்நிய மொழிதான் என்று நான் சொன்னால், "நீ எந்தக் கட்சி?" என்று முறைப்பார்.

ஷிப்ட் முடிந்ததும், துளை அட்டைகளில் பதிந்தபடி, ஒவ்வொருவரும் போன நேரத்திலிருந்து வந்த நேரத்தையும் வேலை செய்த நேரத்தையும் மிஷின் கழித்துப் பார்க்கும்; மிச்சம் இல்லையென்றால் எல்லாரும் போய்விட்டார்கள். அன்று கோபோல் 'யாருமில்லை' என்றது. ஃபோர்ட்ரான் 'உள்ளே ஆள்' என்று அச்சடித்தது.

காரணம் எனக்குத் தெரியும். கோபோல் நம்மைப் போலப் பத்துப் பத்தாக எண்ணும். எங்கள் ஃபோர்ட்ரான் இரண்டிரண்டாக எண்ணும். நாங்கள் நேரத்தைப் பதியும் பத்தில் ஒரு பங்கு மணி அதில் முழுதாக அடங்காது. கழித்தால் தூசி போல ஏதோ மிஞ்சும். மிஞ்சினால் 'ஆள்' என்று போடச் சொன்னது நாங்கள்தான்.

"வெறும் தூசி சார்" என்றேன்.

"தூசி மூச்சு உடுமாபா?"

ஆட்கள் உள்ளே இறங்கிப் பழுது பார்த்த உலையை அன்று மாலை பற்ற வைக்க வேண்டும். சார் சீட்டோடு மழையில் ஓடி, உலை வாயின் குறுக்கே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா சார் பேஜாரு! அல்லாரும் ஊட்டுக்குப் பூட்டாங்க" என்று ஃபோர்மேன் கத்தினார்.

"ஒரு தபா எட்டிப் பாரு நைனா. யாரும் இல்லன்னா என்னை உள்ள வச்சுக் கொளுத்து."

"ஆசையாத்தான் கீது" என்றபடி ஃபோர்மேன் டார்ச் அடித்தார்.

உள்ளே, சாக்கைப் போர்த்திக்கொண்டு ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான். எங்கள் ஆளே இல்லை. அவன் நேரம் எந்த அட்டையிலும் கிடையாது. எந்த மொழிக்கும் அவனைத் தெரிந்திருக்க வழியில்லை. டீ கொடுத்தோம். திரும்பிப் பார்த்தால் கிளாஸ் சூடாக இருந்தது, ஆளைக் காணோம். கேட்டைத் தாண்டி யாரும் போகவில்லை என்று வாட்ச்மேன் சத்தியம் செய்தார்.

உலையை மூலை முடுக்கெல்லாம் மறுபடி தேடினோம். காலி.

"அதே அட்டைங்கள இன்னொரு தபா ஓட்டு" என்றார் சார். ஃபோர்ட்ரான் இம்முறை 'யாருமில்லை' என்றது. அதன் பிறகே உலை எரிந்தது.

அவன் யார், மாறாத அட்டைகளுக்கு விடை எப்படி மாறியது, இரண்டையும் இன்றுவரை என்னால் சரிபார்க்க முடியவில்லை. சார் இப்போது இல்லை. அவருக்குப் பிறகு நான் எழுதிய எந்தப் புரோகிராமிலும் அந்தத் தூசியைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை.