சமாதானம் விட்டுப்போன சேவல்

பென்னலூரில் அவர் மன்னிப்புக் கேட்காத ஆளே கிடையாது. பிறந்த குழந்தைக்குப் பெயர் வைப்பதற்குள் அதனிடமும் கேட்டிருக்கிறார் என்று சொல்வார்கள். அவருடைய சொந்தப் பெயர் எங்களுக்கு மறந்தே போயிற்று. எல்லோருக்கும் அவர் சமாதானம்தான்.

ஊர் நடப்புகளைத் தினக்காலண்டர் தாளின் பின்புறம் குறித்துவைப்பது என் பழக்கம். அந்தத் தாள்களைப் புரட்டினால் அவருடைய முறை தெளிவாகத் தெரியும். மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் சபையில் திருவிருந்து. மனத்தாங்கல் யாருடனாவது இருந்தால் அதைத் தீர்த்துக்கொண்டுதான் அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் வாங்க வேண்டும் என்பது வழக்கம். ஆகவே அதற்கு முந்தின நாள், ஒரகடம் கம்பெனியில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஷிஃப்ட் முடிந்ததும், சமாதானம் தன் மொபெட்டில் தெருத்தெருவாகக் கிளம்பிவிடுவார்.

"சார், போன வியாழக்கிழமை உங்கள மனசுக்குள்ள திட்டிட்டேன். மன்னிச்சிடுங்க."

"எதுக்குத் திட்டினீங்க?"

"அது வாணாம் சார். சொன்னா அதுக்கு வேற தனியா மன்னிப்புக் கேக்கணும்."

எதற்கென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பாடகர் குழு ஸ்டெல்லாவிடம் போய், "யக்கா, நீ சோலோ பாடசொல்லோ நான் காதுல பஞ்சு வச்சிக்கினு இருந்தேன்" என்று மன்னிப்புக் கேட்டார். ஸ்டெல்லா பாடுவதையே நிறுத்திவிட்டாள். அவள் கணவர் தெருவுக்கே ஓடிவந்தார். "யோவ், நீ கம்முனு இருந்திருந்தா அவ பாட்டுக்குப் பாடிக்கினு இருந்திருப்பா! இப்போ வூட்ல சோறு கீது ஒண்ணும் இல்ல!" அடுத்த மாதம், மன்னிப்புக் கேட்டதற்காக மன்னிப்புக் கேட்க சமாதானம் மறுபடி போனார்.

கம்பெனியில் சூப்பர்வைசரிடம், "நீங்க லீவு போட்டா லைன்ல நாங்க லட்டு வாங்கித் துன்னுவோம் சார்" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். அந்த மனிதர் அதற்கப்புறம் லீவே போடவில்லை. லைனில் இருந்த அத்தனை பேரும் சமாதானத்தோடு பேசுவதை நிறுத்தினார்கள்.

இப்படிப்பட்டவரிடம் இரண்டு விஷயங்கள் எனக்குப் புரியாமலே இருந்தன. ஊரெல்லாம் ஹெல்மெட் இல்லாமல் போகிறவர், வடக்குப்பட்டுக் கூட்ரோடு சந்திப்பு வந்ததும் வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டை மாட்டுவார், தாண்டியதும் கழற்றிவிடுவார். இன்னொன்று, திருவிருந்துக்கு எல்லோரும் முன்னால் போகும்போது அவர் மட்டும் வெளியே போய் வாசலில் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறைகூட அவர் அப்பம் வாங்கி நான் பார்த்ததில்லை.

இரண்டுக்கும் விடை அறுப்பின் பண்டிகையன்று கிடைத்தது.

அன்று சபையார் பூசணி, வாழைத்தார், முட்டை என்று கொண்டுவந்து பீடத்தின் முன் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலம் போகும். சமாதானம் காலைக் கட்டி ஒரு சேவல் கொண்டுவந்து வைத்திருந்தார். போதகர் பிரசங்கத்தில், "உன்மேல் குறையுள்ள ஒருவன் இருந்தால், காணிக்கையை அப்படியே விட்டுவிட்டுப் போ. முதலில் அவனோடு ஒப்புரவாகு" என்றார். அவர் வருடாவருடம் சொல்வதுதான். ஆனால் அன்று சமாதானம் எழுந்தார். சேவலைப் பார்த்தார். விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

போதகர் பிரசங்கத்தை நிறுத்தி என்னைப் பார்த்தார். "பிடிச்சுட்டு வாங்க. சேவல்தான் முதல் ஏலம்."

நான் ஓடிப்போய் மொபெட்டின் பின்னால் தொற்றிக்கொண்டேன். வழியில் சமாதானம் திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"அப்போ நான் குடிச்சிக்கினு இருந்த காலம் சார். கம்பெனில வண்டிய ரிவர்ஸ் எடுக்கிறேன். பின்னால நின்னு சிக்னல் காட்றவன் ஏழுமல. 'நிறுத்து, நிறுத்து'ன்னு கத்தறான். நான் நிறுத்தல. சரக்கு அடுக்கின மொத்த ரேக்கும் சாஞ்சிடுச்சு. கம்பெனிக்காரங்க கேட்டப்போ, 'அவன்தான் வான்னு கை காட்டுனான்'னு சொல்லிட்டேன். அன்னிக்கே அவன கேட்டுக்கு வெளிய அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம்தான் நான் குடிய வுட்டேன், ஞானஸ்நானம் எடுத்தேன். எல்லாம் புதுசாயிடுச்சுன்னாங்க. அவன் மூஞ்ச மட்டும் பாக்க முடியல சார்."

வடக்குப்பட்டுக் கூட்ரோடு வந்தது. அங்கேதான் ஏழுமலை தள்ளுவண்டியில் டிபன் கடை போட்டிருந்தார். அன்று சமாதானம் ஹெல்மெட் மாட்டவில்லை.

"ஏழுமல, அன்னிக்கு நீ நிறுத்துன்னுதான் கத்துன."

ஏழுமலை தோசையைத் திருப்பினார். "அது எனக்குத் தெரியாதா? கத்துனவனே நான்தான?"

"மன்னிச்சிடுப்பா."

"யோவ், வேல போன கோவம்லாம் எப்பவோ போச்சு. ஊர் பூரா போய் மன்னிப்புக் கேக்கறியாமே. பஞ்சு வச்சதுக்குக் கேட்டியாம், லட்டு துன்னதுக்குக் கேட்டியாம். ஹெல்மெட்ட மாட்டிக்கினு தெனம் என் கடயத் தாண்டிப் போற. உன் வண்டி சத்தம் எனக்குத் தெரியாது? எங்கிட்ட மட்டும் இன்னாத்துக்கு வரல? அந்தக் கோவம்தான்யா எனக்கு!"

மன்னிப்புக் கேட்பதில் அவ்வளவு பழக்கப்பட்ட சமாதானம், தோசைக்கல் முன்னால் நின்று அழுதார். ஏழுமலை ஒரு தோசையை இலையில் வைத்து நீட்டினார்.

"துன்னு. மன்னிச்சிட்டேன். ஆனா ஒண்ணு. இனிமே மனசுல நெனச்சதுக்கெல்லாம் போய்ச் சொல்லிக்கினு திரியாத. ஊரே நொந்துபோய் கீது." பிறகுதான் என்னைக் கவனித்தார். "சார் யாரு?"

"சேவலுக்காக வந்தவன்" என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

விஷயம் தெரிந்ததும் ஏழுமலை தோசைக்கரண்டியை மனைவியிடம் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். மூன்று பேரும் ஒரே மொபெட்டில் சபைக்கு வந்து சேர்ந்தபோது சேவல் கட்டை அவிழ்த்துக்கொண்டு பிரசங்க மேடையில் நின்றிருந்தது. போதகர் கீழே நின்றிருந்தார். ஏலத்தில் ஏழுமலை யாரையும் கிட்டவே விடவில்லை. அதுவரை சபைப்பக்கம் வராத அந்த மனிதர், சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆயிரம் முறை வந்துபோனவர் மாதிரி எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். அதைக் குழம்பு வைக்க அவருக்கு மனசு வரவில்லை. இன்றும் அது தள்ளுவண்டிக்கு அடியில் திரிகிறது.

அடுத்த திருவிருந்தில் சமாதானம்தான் வரிசையில் முதல் ஆள். வாசலில் செருப்புகள் தாறுமாறாகக் கிடந்தன.

ஏழுமலையின் பேச்சையும் அவர் தட்டவில்லை. எங்கள் சனிக்கிழமைகள் அமைதியாகிவிட்டன, கொஞ்சம் அதிகமாகவே. போன மாதம் ஒரு மாலை வாசலில் மொபெட் சத்தம் கேட்டது. நான் எழுந்து வெளியே வந்தேன்.

"இன்னா சமாதானம், மறுபடியுமா?"

"இல்ல சார். சும்மாதான் வந்தேன்."

உட்கார்ந்தார். செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பியதைப் பற்றிப் பேசினோம். டீ குடித்தார். ஒன்றுக்கும் மன்னிப்புக் கேட்காமல் போனார்.

அன்றைய காலண்டர் தாளின் பின்னால் "சமாதானம் சும்மா வந்தார்" என்று எழுதினேன். அந்தத் தாளை மற்றவற்றோடு கட்டிவைக்க மனம் வரவில்லை. என் வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன்.